மேட் ஈரமாயிருந்தது

உக்காருங்க சார். அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். கட்டில்லயே உக்காருங்க. டிரைவரையும் உள்ள வரச் சொல்லுங்க, வெயில்ல எதுக்கு நிக்கணும்.

ஓசூர்லேந்து என்னைத் தேடிக்கினு வந்திருக்கீங்க. ராணிப்பேட்டையில தட்டு முனிரத்தினம்னு ஒருத்தர் இருக்காரு, ஆசிட் டேங்க்கை ஒரு சுத்து தட்டிப் பார்த்தார்னா அதோட ஆயுசைச் சொல்லிடுவாருன்னு யாரோ சொல்லியிருக்காங்க. சொன்னவங்க மேல தப்பில்ல. முப்பத்திரண்டு வருஷமா இந்தப் பக்கம் பூரா அப்படித்தான் பேச்சு. நானும் அப்படியெல்லாம் இல்லைன்னு ஒரு நாளும் சொன்னதில்ல.

உங்க ஃபைபர் டேங்க்குக்குப் பத்து வயசு. அடியில லேசா வேர்க்குது. அதை இறக்கினா பத்து நாள் வேலை நிக்கும். அதனால நான் வந்து தட்டிட்டு, 'நல்லாருக்கு, ஓட்டுங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லணும். இதானே? வர்றேனா இல்லையான்றதை அப்பறம் பேசலாம். மொதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. கேட்டுட்டு நீங்களே எழுந்து போயிடுவீங்க.

நான் படிச்சது அஞ்சாங்கிளாஸ். நீங்க இன்ஜினியர். உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப் போறதில்ல. ஆனா எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. ஃபைபர் டேங்க்குன்றது என்னது? கண்ணாடி நூலு, அதுமேல ரெசின். நூலு எலும்பு, ரெசின் தோலு. பலம் பூரா நூல்லதான். ஆனா ஆசிட்டைத் தாங்குறது தோலு. தோலு நல்லா இருக்கிற வரைக்கும் உள்ள பத்தாயிரம் லிட்டர் ஆசிட் நின்னாலும் எலும்புக்குத் தெரியாது. தோல்ல ஒரு கீறல் விழுந்துச்சு, குழாய்க்கு வெட்டின ஓட்டையோட ஓரத்துல ரெசின் பூசாம விட்டாங்க, அவ்வளவுதான். மொதல்ல ஈரம் போயி வழி பண்ணும். பின்னாடியே ஆசிட் போகும்.

இந்த ஈரம் இருக்கே, அதை என் காது புடிச்சிடும். ஈரம் உள்ள போச்சுன்னா ஒரு அடுக்குக்கும் இன்னொரு அடுக்குக்கும் நடுவுல எடம் பண்ணிக்கினு உக்காரும். கொப்புளம் மாதிரி. அங்க காசால தட்டினா 'பொத்'துனு கேக்கும். நல்ல எடத்துல தட்டினா 'கிண்'ணுனு கேக்கும். மேலேந்து கீழ வரைக்கும் தட்டுவேன், சுத்தி வருவேன். முடிச்சுட்டு டேங்க் மேல சாக்பீஸால ஒரு சுழி போடுவேன். அந்தச் சுழி இருந்தாத்தான் ஆசிட் லாரிக்காரன் குழாயை மாட்டுவான். அப்படி ஒரு வழக்கம் ஆயிப்போச்சு. நான் சுழி போட்ட டேங்க் ஒண்ணுகூட வாய் திறந்ததில்ல.

ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும்.

எங்க ஒர்க்‌ஷாப்புல எஸ்தர்னு ஒரு பொம்பள மேட் வெட்டிக்கினு இருந்தா. மேட்னா, கண்ணாடி நூலைத் துண்டு துண்டா நறுக்கிப் பாய் மாதிரி அழுத்தி வச்சிருப்பாங்க. அதை அளவுக்கு வெட்டிக் கொடுக்கணும். புடவைக்கு மேல புருஷனோட பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கினு, மூக்கையும் வாயையும் துண்டால கட்டிக்கினு உக்காந்திருப்பா. அப்படியும் சாயங்காலத்துக்குள்ள கை பூரா அரிக்கும். மழைக்காலம் வந்தா மேட் நமுத்துப் போகும். நமுத்த மேட்டைப் போட்டா ரெசின் பால் மாதிரி வெளுத்துடும், ஒட்டாது. அதனால பல்பு எரியிற பெட்டியில வச்சு உலர்த்தித்தான் கொடுப்பா. பதினாலு வருஷம் சார். ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட ஈரமான மேட்டை என் கையில கொடுத்ததில்ல. இதை நல்லா மனசுல வச்சுக்குங்க. நான் இதைச் சொல்ல வேண்டிய எடத்துல சொல்லல.

அது கார்த்திகை மாசம். விட்டு விட்டு மழை. கம்பியை ஆசிட்ல முக்கித் துரு எடுக்கிற கம்பெனி ஒண்ணு, பேரு வேணாம், அங்கேந்து கூப்பிட்டாங்க. எட்டு வருஷ டேங்க். அடியில, செவுரு வந்து தரையில உக்காருற வளைவு இருக்கு பாருங்க, அந்த எடத்துல வேர்க்குது. உங்களுது மாதிரியேதான். தை பொறந்தா வேலை கொஞ்சம் கம்மி, அப்போ இறக்கிக்கிறோம், அதுவரைக்கும் தாங்குமா பார்த்து வெளியில மேட்டும் ரெசினும் வச்சு ஒரு பட்டி போட்டுக் கொடுங்கன்னு மேனேஜர் கேட்டாரு. நானும் எஸ்தரும் போனோம்.

நான் தட்டிக்கினு வர்றேன். கிண், கிண், கிண். மேனேஜர் பின்னாடியே குடை புடிச்சிக்கினு வர்றாரு. ஒரு மேஸ்திரிக்குக் கம்பெனி மேனேஜர் குடை புடிக்கிறாருன்னா பார்த்துக்குங்க. அங்க வேலை செய்யிறவங்க ஒரு பத்து பேர் நின்னு பார்த்துக்கினு இருந்தாங்க.

கீழ குந்தியிருந்த எஸ்தர், "மேஸ்திரி, இங்க கொஞ்சம் வாங்களேன்"ன்னா.

"இன்னாம்மா?"

"இந்தக் கோட்டைப் பாருங்க. அடிபட்டு வந்த விரிசல் மாதிரி இல்ல. பிளேடால கிழிச்ச மாதிரி நேரா ஓடுது."

பார்த்தேன். முடி கனத்துல ஒரு கோடு. ஒரு முழம் இருக்கும். அது மேல தட்டினேன். கிண்ணுனு கேட்டுச்சு.

"மேல்தோல் கீறல்மா"ன்னேன்.

அவ விடல. அந்தக் கோட்டோட முனையில நகத்தால சுரண்டி, ரெண்டு இழை நூலை எடுத்தா. நல்ல கண்ணாடி நூலு வளைச்சா வில்லு மாதிரி திரும்பும். இது அவ விரல்ல அப்பளம் மாதிரி நொறுங்கிச்சு. கையை நீட்டிக் காட்டுறா. மாவுதான் இருக்கு. அப்பறம் அங்க ஆசிட் சிந்தினாத் தூவுறதுக்குன்னு வச்சிருந்த சோடா மூட்டையிலேந்து ஒரு சிட்டிகை எடுத்து அந்த ஈரத்து மேல போட்டா. சுர்ருனு பொங்கிச்சு.

"இது மழைத்தண்ணி இல்ல மேஸ்திரி. உள்ள இருக்கிறது வெளிய வருது. நூலைத் தின்னுட்டு வருது. இந்த ஈரத்து மேல பட்டி போட்டா ஒட்டாது. டேங்க்கைக் காலி பண்ணச் சொல்லுங்க."

நியாயமா நான் அப்பவே நின்னிருக்கணும். ஆனா மேனேஜர் என் மூஞ்சியைப் பார்க்கிறாரு. பத்து பேர் பார்க்கிறாங்க. நான் கிண்ணுன்னு சொன்னதுக்கப்பறம் மேட் வெட்டுறவ பொத்துன்றா. எனக்கு எப்படி இருக்கும்?

"இந்த சிப்காட்ல எந்தச் செவுத்துல சோடா போட்டாலும் பொங்கும். என் சட்டையில போடு, அதுவும் பொங்கும்"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அதோட விட்டிருக்கலாம். சிரிப்பு கேட்டதும் வாய் நிக்கல. "டேங்க் பேசுறது கேக்குறதுக்குக் காது வேணும்மா. ஆண்டவர் உனக்குக் காது கொடுத்தது தோடு மாட்டிக்கிறதுக்கு"ன்னேன்.

அதுக்கும் சிரிச்சாங்க. மேனேஜர் குடை ஆடுற மாதிரி சிரிச்சாரு. ஆசிட் தொட்டிக்கிட்ட நின்னுக்கினு இருந்த ஒருத்தன் மட்டும் சிரிக்கல. குனிஞ்சு கம்பிக் கட்டை அவுத்துக்கினு இருந்தான். அவன் யாருன்னு எனக்குத் தெரியாது.

எஸ்தர் கத்திரியை எடுத்தா. மேட்டை வெட்டிக் கொடுத்தா. காய வச்சு, பிளாஸ்டிக் பையில சுத்தி எடுத்தாந்திருந்தா. கையில வாங்கினப்ப அப்பளக்கட்டு மாதிரி மொறுமொறுன்னு இருந்துச்சு. ஆசிட்டைப் பாதி இறக்கச் சொல்லிட்டு, துணியால துடைச்சு, நான் பட்டி போட்டேன். துடைக்கத் துடைக்க அந்தக் கோடு வேர்த்துக்கினே இருந்துச்சு. போட்டேன். ரோலர் தேய்ச்சேன். சாக்பீஸ் எடுத்துச் சுழி போட்டேன்.

பதினேழாம் நாள். காலையில பத்து மணி, டீ வர்ற நேரம். வளைவோரமா டேங்க் கிழிஞ்சுது. கிழியிறதுக்கு முன்னாடி ஒரு முனகல் இல்ல, ஒண்ணுமில்ல. பட்டாசு வெடிச்ச மாதிரி ஒரே சத்தம்னு சொன்னாங்க. தரை பூரா ஆசிட். மத்தவங்க டீக்கு வெளிய போயிருந்தாங்க. ரெண்டு பேர்தான் உள்ள. ஒரு பெரிய ஆளு வழுக்கி விழுந்துட்டாரு. இன்னொருத்தன் அவரைத் தூக்கிக்கினு, அந்த ஆசிட்லயே நடந்து வெளிய வந்தான். விழுந்தவரு ஒரு மாசத்துல எழுந்துட்டாரு. தூக்கினவனுக்கு ரெண்டு காலும் கணுக்கால் வரைக்கும் தோலு போச்சு. நாலு மாசம் வேலூர்ல கிடந்தான்.

அவன் பேரு சாலமன். அன்னிக்குச் சிரிக்காதவன். எஸ்தரோட புருஷன்.

எனக்கு எப்படித் தெரியும் சொல்லுங்க? அவ சொல்லவே இல்லையே. 'என் புருஷன் இங்கதான் நிக்கிறான் மேஸ்திரி'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான்... இத எத்தனையோ தடவை நெனச்சுப் பார்த்துட்டேன் சார். சொல்லியிருந்தா அதுக்கும் ஒரு ஜோக் அடிச்சிருப்பேன். புருஷன் மேல ஆசை, அதான் டேங்க் ஓட்டையாத் தெரியுதுன்னு. என் வாய் எனக்குத் தெரியாதா.

மறுநாள் கம்பெனிக்குக் கூப்பிட்டாங்க. அரசாங்கத்துலேந்து தொழிற்சாலை ஆய்வாளர் வந்திருந்தாரு. அவர் வர்ற வரைக்கும் நான் அந்த டேங்க்குகிட்ட நின்னேன். கிழிஞ்ச செவுத்துத் துண்டு ஒண்ணு தரையில கிடந்துச்சு, கழுவி விட்டிருந்தாங்க. எடுத்துக் காசால தட்டினேன். உடைஞ்சு போன துண்டு சார். கிண்ணுனு கேக்குது. கோயில் மணி மாதிரி கேக்குது. முனையைப் புடிச்சு வளைச்சேன், வறட்டி மாதிரி ஒடிஞ்சுது.

அப்போதான் எனக்கு விளங்குச்சு. ஈரம் எடம் பண்ணிக்கினு உக்காரும், காதுக்கு ஆப்பிடும். ஆசிட் அப்படி எடம் பண்ணாது. நூலை உள்ளுக்குள்ளயே தின்னுட்டு, தின்ன நூலை நின்ன எடத்துலயே நிக்க வச்சிருக்கும். பாரம் இழுக்கிற எடம் பார்த்து ஒவ்வொரு நூலா அறுத்துக்கினு போகும். காதுக்கு ஒண்ணும் கேக்காது. முப்பத்திரண்டு வருஷமா என் காது நல்லாருக்குன்னு சொன்ன டேங்க்குல பாதி, அதுவா நல்லாருந்த டேங்க். என்னால இல்ல.

அந்தத் துண்டைக் கீழ போட்டுட்டு ஆய்வாளர் ரூமுக்குள்ள போனேன்.

நல்ல மனுஷன். உக்காரச் சொன்னாரு. "பட்டி பூரா உரிஞ்சுக்கினு வந்திருக்கே, ஏன் ஒட்டல?"ன்னு கேட்டாரு. மேனேஜர் ஜன்னலைப் பார்த்துக்கினு நின்னாரு. ஆசிட் வேர்த்துச்சு, தெரிஞ்சேதான் போட்டேன்னு சொல்லணும். காலி பண்ணச் சொன்னாங்க, நான் கேக்கலைன்னு சொல்லணும்.

"மேட் ஈரமாயிருந்தது சார்"ன்னேன்.

இன்னும் எனக்கு அந்த மூணு வார்த்தை காதுல விழுது. மழைக்காலம், மேட் நமுத்துப் போச்சு. யாரும் நம்புற பேச்சு. அவர் எழுதிக்கினே, "மேட் வெட்டினது யாரு?"ன்னாரு.

"ஒரு பொம்பள சார்."

"முன்கூட்டியே உங்ககிட்ட யாராவது எச்சரிக்கை பண்ணாங்களா?"

"இல்ல சார். யாரும் ஒண்ணும் சொல்லல."

படிச்சுக் காட்டினாரு, கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து கோணலா இருக்கும், அன்னிக்கு நல்லா வந்துச்சு.

எஸ்தர் அப்போ வேலூர் ஆஸ்பத்திரியில புருஷன் கால்மாட்டுல உக்காந்திருந்தா. அவளை யாரும் கேக்கல. ரெண்டு மாசம் கழிச்சு வேலைக்கு வந்தா. எங்க ஓனர் வாசல்லயே நிறுத்தி, 'வேணாம்மா, ஆபீசர் பேப்பர்ல எழுதியிருக்காரு'ன்னுட்டாரு. நான் அப்போ உள்ள ரெசின் கலக்கிக்கினு இருந்தேன். ரெசின்ல ஹார்டனர் விட்டாச்சுன்னா கையை எடுக்க முடியாது பாருங்க, இறுகிடும். அதனால வெளிய வரல.

இல்ல சார். எதுக்கு உங்ககிட்டயும். அப்போ ஹார்டனர் விடல. விட்டுட்டேன்னு ரொம்ப நாளா எனக்கே சொல்லிக்கினு இருக்கேன்.

இந்த ஏரியாவுல ஃபைபர் ஒர்க்‌ஷாப் ஆறேழு இருக்கு. எங்கயும் அவளைச் சேர்த்துக்கல. 'ஈர மேட்டு'ன்னு அவளுக்குப் பேரே வச்சுட்டாங்க. முனிரத்தினம் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு பேச்சு. இப்போ ஷூ கம்பெனியில பிசிறு நூலு கத்திரிக்கிறா. அவ எடத்துல வந்தவனுக்கு மேட் உலந்துச்சா இல்லையான்னே தெரியல. நாலாவது மாசமே நானும் வேலையை விட்டுட்டேன். காது மந்தமாயிடுச்சுன்னு சொல்லிட்டு வந்தேன். அதுவும் பொய்தான். உள்ள என் பொண்டாட்டி கௌரி அரிசி புடைக்கிறா, அதுல கல்லு விழுறது இங்க எனக்குக் கேக்குது.

ஆனா ஒண்ணு சார். நான் இதை மூடி மறைக்கல. யார் கேட்டாலும் சொல்லிடுறேன். முடிவெட்டுற சபாபதிகிட்ட சொல்லியிருக்கேன். திருத்தணி பஸ்ல பக்கத்துல உக்காந்த ஒரு வாத்தியார்கிட்ட சோளிங்கர் தாண்டுற வரைக்கும் சொல்லிக்கினு போனேன். அவர் கண்ணே கலங்கிடுச்சு. உங்களோட சேர்த்து பதினோரு பேர். எல்லாரும், 'இவ்வளவு வருத்தப்படுறீங்களே, நீங்க நல்லவரு'ன்னுதான் சொல்றாங்க.

சாலமன்கிட்டகூட ஆரம்பிச்சேன். ரேஷன் கடை வரிசையில எனக்கு முன்னாடி நின்னான். வெயிலு, அவன் காலை மாத்தி மாத்தி வச்சிக்கினு நிக்கிறான். நான், "சாலமா, அன்னிக்கு நான்..."ன்னு வாயெடுத்தேன். அவன் திரும்பி, மரியாதையாத்தான் சொன்னான். "எங்கிட்ட வேணாம்ண்ணே. சொன்ன எடத்துல சொல்லுங்க." திரும்பிக்கினான். அவன் முறை வந்துச்சு, பாமாயில் வாங்கிக்கினு போயிட்டான்.

இல்ல. அந்த ஆய்வாளர்கிட்ட இன்னும் சொல்லல. நீங்க கேட்டுட்டீங்க. மத்த பத்து பேர் இதைக் கேக்கல.

போகணும்னுதான் இருந்தேன். அந்த ஆபீஸ் எங்க இருக்குன்னு விசாரிச்சுக்கூட வச்சிருக்கேன். ஒரு நாள் கேட் வரைக்கும் போனேன், சாப்பாட்டு நேரமாயிடுச்சு. இன்னொரு நாள் அந்த ஆபீசர் மாத்தலாகிப் போயிட்டாருன்னாங்க. புது ஆளுகிட்ட எங்கேந்து ஆரம்பிக்கிறது. நம்ம கையெழுத்து வேற கோணல். மனு எழுதத் தெரியாது. இன்னிக்குப் போகலாம்னா சனிக்கிழமை, லீவு.

வெள்ளியா? இன்னிக்கு வெள்ளிக்கிழமையா?

சரி சார். மொதல்ல உங்க விஷயத்தை முடிச்சுடுறேன், ஆள் நடமாடுற எடம் அது. நான் வந்து தட்ட மாட்டேன். நல்லாருக்குன்னும் சொல்ல மாட்டேன். இப்பவே போன் போட்டு டேங்க்கைக் காலி பண்ணச் சொல்லுங்க. கிட்ட யாரையும் நிக்க விடாதீங்க. காலி பண்ணிக் கழுவினதுக்கு அப்பறம், வளைவோரத்துலயும் குழாய் சொருகின ஓட்டை ஓரத்துலயும் லைட் அடிச்சுப் பார்க்கச் சொல்லுங்க. பிளேடால கிழிச்ச மாதிரி கோடு இருக்கான்னு பாருங்க. நூலை எடுத்து வளைங்க. திரும்பிச்சுன்னா சரி. பொடியாச்சுன்னா அந்த டேங்க்குக்குப் பட்டி போடாதீங்க, தூக்கிப் போடுங்க. இதெல்லாம் நான் கண்டுபுடிச்சது இல்ல. அவ சொன்னது. உங்களுக்கு ஆள் வேணும்னா அவளைத்தான் கூட்டிக்கினு போகணும். ஆனா நான் அனுப்பினேன்னு மட்டும் சொல்லாதீங்க.

இல்ல, அதுவும் சரிப்படாது. நீங்க கூட்டிக்கினு போனாலும், இவ யாருன்னு உங்க கம்பெனியில இங்க போன் போட்டு விசாரிப்பாங்க. 'ஈர மேட்டு'ன்னு சொல்லுவாங்க. அந்தப் பேப்பர் அங்க இருக்கிற வரைக்கும் அவ வாய்ல வர்றது எதுவும் செல்லாது.

போன் போட்டுட்டீங்களா? காலி பண்றாங்களா? நல்லது.

பையில பேப்பர் இருக்கா சார்? அப்போ எழுதுங்க. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க, கையெழுத்தை நான் போடுறேன். ஐயா அவர்களுக்கு, முனிரத்தினம் ஆகிய நான் எழுதிக்கொள்வது. மேட் ஈரமாயிருந்தது என்று நான் சொன்னது பொய். மேட் காய்ஞ்சிருந்தது. செவுருதான் ஆசிட்ல வேர்த்துக்கினு இருந்தது, நான் பார்த்துக்கினேதான் பட்டி போட்டேன். யாரும் எச்சரிக்கை பண்ணலைன்னு சொன்னதும் பொய். டேங்க்கைக் காலி பண்ணச் சொன்னாங்க. நான் அவங்களைப் பத்து பேர் முன்னாடி கேலி பண்ணேன். இன்னா கேலின்றதையும் எழுதுங்க சார். தோடுன்னதையும் எழுதுங்க. எழுதிட்டீங்களா, சத்தமாப் படிங்க. பக்கத்து வீட்டுக்குக் கேட்டா கேக்கட்டும்.

ம். சரியா இருக்கு.

யாரு எச்சரிக்கை பண்ணதுன்னு பேரு போடணுமா? ஆமா, பேரு வேணும். அந்தப் பழைய பேப்பர்ல 'ஒரு பொம்பள'ன்னுதான் இருக்கு. எஸ்தர்னு எழுதுங்க.

முழுப் பேரா? இனிஷியலா? அது வந்து... எஸ்தர் ராணியா, எஸ்தர் மேரியா, ஏதோ ஒண்ணு பின்னாடி வரும் சார். அவ அப்பா பேரு... அவரும் இந்த ஊர்தான். வீடு அந்தச் சர்ச்சுக்குப் பின்னாடி ரெண்டாவது சந்துல. இல்ல, மூணாவதா? நான் சந்து முனை வரைக்கும் போயிட்டுத் திரும்பினவன்.

ஏ கௌரி, அந்த எஸ்தரோட முழுப்பேரு உனக்குத் தெரியுமா?

கேட்டுச்சா சார் அவ சொன்னது? "பதினாலு வருஷம் வேலை வாங்கினது நீயா நானா?"ன்றா.

எழுந்திருங்க சார். அந்தப் பேருக்கு மட்டும் கொஞ்சம் எடம் விட்டு வைங்க. ஷூ கம்பெனியில ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு விடுவாங்க. கேட் பக்கத்துல வண்டியை நிறுத்துங்க, நான் இறங்கிப் போயி அவகிட்டயே கேட்டுக்கினு வர்றேன். எதுக்குப் பேரு கேக்கிறீங்கன்னு அவ கேப்பா. கேக்கட்டும், அங்கேந்துதான் ஆரம்பிக்கணும்.